கார் சாவியைக் கேட்ட மகனுக்கு

மகனே,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் உன் மாமியார் சொல்லிவிடுவார். மாட்டுங்கா முழுக்க ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, செம்பூருக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை, அவ்வளவுதான். உன் மைத்துனியின் நிச்சயதார்த்தம் முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வந்த அன்று, பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவும் கையில் தாம்பூலப் பையுமாக, நட்டநடுத் தெருவில் நான் கார் தள்ளினேன். தள்ளியதில் எனக்கு வெட்கமே இல்லை. பம்பாயில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் தள்ளியவர்கள்தான். வெட்கம் என்னவென்றால், நான் தள்ளியது என் கார் இல்லை.

நம் வண்டி சாவியைத் திருகியதும் டிக்டிக்கென்று பல்லைக் கடித்துவிட்டு அமைதியாகிவிட்டது. நான் மண்டபத்துக்குள் ஓடி, பந்தியில் கடைசி வரிசையில் இருந்த உன் மாமனார் வீட்டுப் பையன்கள் சிலரைக் கை கழுவ வைத்துக் கூட்டிவந்தேன். “ஓரத்திலிருந்து வெளியே தள்ளுங்க, பெறகு நான் ஏறி கியர் போட்டுக்கிடுதேன்” என்று சொல்லி நானும் பின்னால் கை கொடுத்தேன். வண்டி நகரவில்லை. “மூணு தடவை பாயசம் வாங்கின கையா இது? தக்கா மாரோ, தள்ளுங்க!” என்று அந்தப் பையன்களைத் திட்டினேன். அப்போது பின்கண்ணாடி மெதுவாக இறங்கியது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஒரு குஜராத்திப் பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, “பெஹன்ஜி, என்னை எங்கே கொண்டு போகிறீர்கள்?” என்று இந்தியில் கேட்டார். அதுவும் வெள்ளை, நம்முடையதும் வெள்ளை. இரண்டு வண்டி தள்ளி நம்முடையது அப்பாவியாக நின்றுகொண்டிருந்தது.

நீ மண்டபத்தின் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். சிரித்திருந்தால் அன்றே மன்னித்திருப்பேன். பையன்கள் சிரித்தார்கள், குஜராத்திப் பெரியவர் சிரித்தார், பூக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. நீ உன் மனைவியைப் பார்த்தாய், அவள் உன்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டர் வெளியே வந்ததும் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாய்: “அம்மா, ஹெட்லைட்ட ஆஃப் பண்ண மறந்திருப்ப. கொஞ்ச நாளாவே உனக்கு மறதி வருது. இனிமே நீ ஓட்ட வேணாம். சாவிய குடு, வித்துருவோம். எங்க போணும்னாலும் ஆப்ல வண்டி கூப்பிட்டா வந்துருதுல்ல?” நான் வாயடைத்து நின்றதாக உன் மாமியார் வீட்டில் நீ சொன்னாயாம். வாயடைக்கவில்லை. வாயில் வெற்றிலை இருந்தது.

இதற்கான பதிலை வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி. அதனால் நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். உன் மாமனார் அதை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். நீ என்னைப் பற்றிப் பேசிய வீட்டில் உன்னைப் பற்றியும் கொஞ்சம் படிக்கட்டும்.

நீ விற்கச் சொன்ன வண்டி எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. தாராவியில் ஒரு மாடி அறையில் தையல் மெஷின்களைப் போட்டு, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்து வாங்கிய வண்டி அது. பதிவு என் பெயரில். வாரத்துக்கு ஒருநாள் மூட்டைகளை டிக்கியிலும் பின்சீட்டிலும் அடைத்துக்கொண்டு பள்ளிகளுக்குக் கொண்டுபோய் இறக்குவேன். மற்ற நாளெல்லாம் அது பில்டிங்குக்கு அடியில் சும்மா நிற்கும். நாற்பத்தைந்து தாண்டித்தான் ஓட்டக் கற்றேன். லைசன்ஸ் எடுக்கப் போன இடத்தில் அதிகாரி என்னைப் பார்த்து “பையனுக்கா?” என்று கேட்டார். உங்கப்பாவோ இன்றுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. இடப்பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்து மிதித்து அந்த இடத்தில் கால்மிதி தேய்ந்துவிட்டது. அந்த வண்டியை நான் ஓட்டும்போது மட்டும்தான் யாரும் என்னிடம் “ஏட்டி, காப்பி” என்று கேட்பதில்லை. அதைத்தான் நீ வாசலில் நின்று, செருப்போடு, கேட்டாய்.

சரி, மறதிதானா என்று நானே சோதித்துவிட முடிவு செய்தேன். முதலில் காசிம் பாயிடம் போனேன். நம் தையல் பட்டறைக்குக் கீழே ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர், உனக்குத் தெரியும். அவர் எந்த மீட்டரையும் எடுக்கமாட்டார். பானட்டைத் திறந்து, பேட்டரி மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, “மவுத்தாயிருச்சு அக்கா, இன்னாலில்லாஹி” என்றார். புதுப் பேட்டரி போட்டோம். ஒரு வாரம் வண்டி நின்றது, மறுபடி மவுத். “டெர்மினல்ல பூஞ்சை பிடிச்சிருக்கு, கரண்டு ஏறல” என்று வெந்நீரும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்து வாசலின் தடவினார். பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றி வைத்தார். அடுத்த வாரம் மறுபடியும். “அப்ப டைனமோதான். பேட்டரிக்குச் சாப்பாடு போடுறவனே பட்டினி” என்றார். அவரிடம் ஒவ்வொரு முறையும் ஒரு நோய் இருந்தது. நம் வண்டியில் அவர் பார்க்காத பாகம் ஹாரன் ஒன்றுதான், அதைக்கூட ஒரு சந்தேகத்தோடு அழுத்திப் பார்த்தார்.

இதில் ஒரு விஷயம் எனக்கு இனித்தது. வண்டி படுக்கும் ஒவ்வொரு முறையும் நீ போன் செய்தாய். நான் சொல்வதற்கு முன்பே. “அம்மா, வண்டி எப்படி இருக்கு? ஸ்டார்ட் ஆகுதா?” என்று வாஷியில் உன் வீட்டிலிருந்து உன் குரல். பெற்ற வயிறு குளிர்ந்தது எனக்கு. பட்டறையில் பெண்களிடம், “எம்புள்ளைக்கு அங்கன இருந்தே தெரிஞ்சிருது பாத்தியளா, எனக்குத் தலை வலிச்சா அவனுக்குக் கால் வலிக்கும்” என்று பீற்றிக்கொண்டேன். நான் எவ்வளவு பெரிய மண்டு என்பதற்கு இந்த ஒரு பத்தியை நீ வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது முறை படுத்தபோது நீ நேரிலேயே வந்துவிட்டாய். சோபாவில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாய். ஹெட்லைட் ஒன்று. அடுத்தவன் காரைத் தள்ளியது இரண்டு. “அப்பறம் அந்த பில்லர்ம்மா. அத மறந்துட்டியா? ஃபுல் லெஃப்ட் சைடு போச்சே.” நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நிஜமாகவே சொல்கிறாய் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது.

அந்தப் பில்லரைப் பற்றி மலர் வாசகர்களுக்கும் சொல்லவேண்டும். நீ காலேஜ் முடித்த வருஷம், லைசன்ஸ் கையில் வந்த சூட்டில், என் வண்டியை எடுத்துக்கொண்டு ரிவர்ஸ் வந்து பில்டிங் பில்லரில் இடப்பக்கம் முழுவதையும் உரசினாய். மேலே வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், “அப்பாட்ட சொல்லாதம்மா” என்று அழுதாய். மீசை வைத்த ஆண்பிள்ளை. நான் கீழே போய், வாட்ச்மேனுக்கும் பில்டிங் செயலாளருக்கும் கேட்கும்படி, “ஐயையோ, நான் இடிச்சிட்டேனே!” என்று கத்தினேன். அன்றிலிருந்து இந்தப் பில்டிங்கில் நான் வண்டி எடுத்தால் குழந்தைகளை உள்ளே கூப்பிடுகிறார்கள். பரவாயில்லை, பிள்ளைக்காக ஒரு கெட்ட பெயர் என்று சுமந்தேன். அந்தக் கெட்ட பெயரை நீ என் கணக்கில் சாட்சியாகக் கொண்டுவந்து வைக்கிறாய். இடித்தது நீ என்பதே உனக்கு நினைவில்லை. மறதி எனக்காம்.

நீ போனதும் நான் முடிவுக்கு வந்தேன். காசிம் பாயின் உள்ளங்கையையும் நம்பப் போவதில்லை, உன் விரல் எண்ணிக்கையையும் நம்பப் போவதில்லை. எலக்ட்ரிக் சாமான் கடைகள் இருக்கும் லோஹார் சாலில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிவந்தேன். ஒரு வாரம், பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில், போனில் வீடியோ பார்த்தேன். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் விஷயம் இவ்வளவுதான்: வண்டி அடிக்கடி படுத்தால் பேட்டரியை மாற்றுவது, அரிசிப் பானை காலியாகிறது என்று பானையை மாற்றுகிற வேலை. எலி எங்கே என்று பார்க்கவேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் பதினான்கு வோல்ட் காட்டினால் டைனமோ நன்றாகச் சாப்பாடு போடுகிறது என்று அர்த்தம். காட்டியது. அப்போது காசிம் பாயின் மூன்றாவது நோய் பொய். பிறகு எஞ்சினை அணைத்து, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைப் பாலம் மாதிரி வைத்தால், வண்டி தூங்கும்போது எவ்வளவு கரண்டு ஒழுகுகிறது என்று தெரியும். கொஞ்சம் ஒழுகலாம், கடிகாரத்துக்கும் அதற்கும் இதற்கும். நிறைய ஒழுகினால் யாரோ குடிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை, மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போன உங்கப்பாவை எழுப்பிக் கீழே கூட்டிப்போனேன்.

“ஏட்டி, ஞாயித்துக்கெழம மனுசன தூங்க விடமாட்டியா? அவன் சொல்லுத மாதிரி வித்துத் தொலச்சா என்ன?”

“வித்துட்டா நீரு எங்கன உக்காந்து பிரேக் மிதிப்பீரு? டார்ச்ச பிடியும்.”

கதவு திறந்திருந்தால் விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும் என்பதால், கதவின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, கதவு மூடியிருப்பதாக வண்டியை ஏமாற்றினேன். வண்டி நன்றாகத் தூங்கட்டும் என்று சுவரோரம் உட்கார்ந்து காத்திருந்தோம். செயலாளர் கடந்து போனார். “என்ன ஆச்சு பாபி?” என்று இந்தியில் கேட்டார். “ஒண்ணுமில்ல, வண்டிக்கு ஈசிஜி.” அவர் பில்லரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மீட்டரைப் பார்த்தால், தூங்குகிற வண்டிக்கு இருக்கவேண்டியதைப் போல ஐந்து மடங்கு காட்டுகிறது. எனக்கு ஒரு துள்ளு துள்ள வேண்டும் போலிருந்தது. விளக்கெல்லாம் அணைந்திருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது, ஆனாலும் எவனோ குடிக்கிறான்! அப்போது மறதி இல்லை, மகனே. அந்த இடத்தில் உங்கப்பாவின் தோளில் சாய்ந்து கொஞ்சம் அழுதேன் என்பதை உன் மாமனார் படிக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை.

பிறகு ஃப்யூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது. எந்த ஃப்யூஸைப் பிடுங்கும்போது மீட்டர் விழுகிறதோ அந்தத் தெருவில்தான் திருடன் குடியிருக்கிறான். கூரை விளக்கும் ரேடியோவும் இருக்கும் ஃப்யூஸைப் பிடுங்கியதும் மீட்டர் சட்டென்று விழுந்தது. விளக்கோ அணைந்திருக்கிறது. ரேடியோவின் பின்னால் ஒயரைக் கழற்றிப் பார்த்தேன், அப்போதும் குடி நிற்கவில்லை. அதே ஃப்யூஸிலிருந்து இன்னொரு கிளை, ஸ்டியரிங்குக்கு அடியில், மெக்கானிக் தன் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்க்கிற துவாரத்துக்குப் போகிறது என்று வண்டியோடு வந்த புத்தகம் சொன்னது. எனக்கு இடுப்புப் பிடிப்பு. “நீரு குனிஞ்சு பாரும்” என்றேன். உங்கப்பா உள்ளே தலையை விட்டார். டார்ச் வெளிச்சம் கூரையில் போனது, சீட்டுக்கு அடியில் போனது, வெளியே என் முகத்தில்கூட அடித்தது. அந்தத் துவாரத்தின் பக்கம் மட்டும் போகவே இல்லை.

“ஒண்ணும் இல்லட்டி.”

“நல்லா பாரும்.”

“அதான் ஒண்ணும் இல்லைங்கேன்ல.”

கட்டிக்கொண்டு முப்பது வருஷம் ஆகிறது. அந்த மனுஷன் பொய் சொல்லும்போது குரல் ஒரு படி கீழே இறங்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நானே குனிந்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, துவாரத்தில் அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பச்சை விளக்கு, சிமிட்டிச் சிமிட்டி, என் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பிடுங்கினேன். மீட்டர் விழுந்தது. நான் நிமிர்ந்து உங்கப்பாவைப் பார்த்தேன். அவர் செயலாளர் போன திசையைப் பார்த்தார்.

“அவந்தான் சொல்லாண்டாம்னான். நீ எங்கன போற, எவ்வளவு வேகம் போறன்னு அவன் போன்ல தெரியுமாம். நிச்சயதார்த்தத்துக்கு முன்னயே மாட்டிட்டான். ஒனக்கு ஒண்ணு ஆயிறக் கூடாதுன்னு...”

நீ என்னை நோட்டம் விட்டாய் என்பது முதல் அடி. உன் நோட்டம்தான் என் பேட்டரியைக் குடித்தது என்பது இரண்டாவது அடி. குடித்துத் தீர்த்ததும் அந்தப் பெட்டி உன் போனுக்குச் செய்தி அனுப்ப, நீ “வண்டி எப்படிம்மா இருக்கு?” என்று பாசமாகக் கேட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பட்டறையில் எத்தனை பெண்களிடம் பீற்றியிருக்கிறேன்! வண்டியைச் சாகடித்தவனே துக்கம் விசாரித்திருக்கிறான், அதையும் தொப்புள்கொடி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றே உனக்குப் போன் செய்து கிழித்திருக்கலாம். உங்கப்பா அதைத்தான் எதிர்பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். “அப்பறம் பேசலாம்மா, மீட்டிங்ல இருக்கேன்.” அதனால் வேறொன்று செய்தேன். உல்லாஸ்நகரிலிருந்து நமக்கு யூனிஃபார்ம் துணி ஏற்றிவரும் டெம்போ செல்வத்தை நீ பார்த்ததில்லை. திங்கட்கிழமை அவன் துணி இறக்கிக்கொண்டிருந்தபோது, அவனுடைய புது டெம்போவிலும் அதே மாதிரி துவாரம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. “தம்பி, இது ஒங்கிட்ட கொஞ்ச நாள் இருக்கட்டும். தினமும் ஓடுத வண்டியை இது ஒண்ணும் செய்யாது, நிக்கித வண்டியைத்தான் குடிக்கும்” என்றேன். கதையைக் கேட்டதும் அவனே வாங்கிச் சொருகிக்கொண்டான். உன்னைவிட அவனுக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம்.

அந்த வாரம் உன் அம்மா எங்கெல்லாம் போனாள் என்று நீ பார்த்திருப்பாய். உல்லாஸ்நகர் இரண்டு முறை. விக்ரோலியில் ஒரு கம்பெனி வாசலில் அரை நாள். ஹைவேயில் லாரிகளை முந்திக்கொண்டு ஒரு ஓட்டம். நீ போன் செய்வாய் செய்வாய் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. எப்படிச் செய்வாய்? “உல்லாஸ்நகரில் என்ன வேலை?” என்று கேட்டால் “உனக்கு எப்படித் தெரியும்?” என்று நான் கேட்பேனே. இரண்டு தடவை உன் மனைவி மட்டும், “அத்தை, உடம்பு நல்லாருக்கா? ரெஸ்ட் எடுக்கீங்களா?” என்று கேட்டாள். பாவம், அவளைப் பேச வைத்துப் பக்கத்தில் நீ நின்றுகொண்டிருந்தாய். உன் மூச்சு எனக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை செல்வம் வாஷி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றப் போகிறவன். போகிற வழியில் உன் பில்டிங் கேட்டுக்கு எதிரில் கொஞ்சம் நின்று டீ குடித்துவிட்டுப் போ என்று சொல்லியிருந்தேன். விடிந்து சற்று நேரத்தில் அவன் போன் வந்தது. குரலை அடக்கிக்கொண்டு பேசினான்.

“அக்கா, டவுசரோட ஒரு பையன் எறங்கி வந்துருக்கான். கையில போனு. போனப் பாக்கான், ரோட்டப் பாக்கான், எம்வண்டியச் சுத்திச் சுத்தி வாரான்.”

“கண்ணாடி போட்டுருக்கானா?”

“ஆமாக்கா. ஒத்தக் கால்லதான் செருப்பு. இப்ப எம்வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்கான் அக்கா!”

“அவந்தான். ஒரு டீ வாங்கிக் குடு.”

அடுத்த நிமிஷம் உன் போன். நம் பேச்சை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன், மறதிக்காரி எழுதியது என்று நினைத்தால் செல்வத்தைக் கேட்டுக்கொள்.

“அம்மா, எங்க இருக்க?”

“வீட்டுல. தோசை ஊத்துதேன்.”

“கார்?”

“கீழ நிக்கி.”

“வாஷில... இல்லையா?”

“வாஷில எதுக்குல நிக்கணும்? யாரு சொன்னா?”

தோசையைத் திருப்பிப் போட்டேன், அந்தச் சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். பிறகு சொன்னாய், “உன் சேஃப்டிக்காகத்தான்மா.”

இதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை, போனை வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லவேண்டும். “அம்மா, நீ வண்டி எடுத்தா எனக்குப் பயமா இருக்கு” என்று ஒரு தடவை சொல்லியிருந்தால், போன இடத்திலெல்லாம் இறங்கி உனக்குப் போன் செய்திருப்பேன். என் அம்மாவுக்கு நான் செய்தேனே, எஸ்டிடி பூத்தில் வரிசையில் நின்று. நீ கேட்கவில்லை. கேட்பதற்குப் பதில் ஒட்டுக்கேட்கும் பெட்டி ஒன்றை வைத்தாய். அந்தப் பெட்டி வண்டியைக் கெடுத்தது. வண்டி கெட்டதை வைத்து நான் கெட்டுவிட்டேன் என்று முடிவு செய்தாய். காசிம் பாயாவது உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நீ அதுவும் இல்லை, வாஷியில் உட்கார்ந்துகொண்டே எனக்கு மவுத் சொல்லிவிட்டாய். அதையும் என்னிடம் சொல்லாமல், உன் மாமியார் வீட்டில் சொல்லி, உங்கப்பாவைக் கூட்டுச் சேர்த்து, கடைசியில் வாங்குகிறவனையே பிடித்துவிட்டாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க ஆள் வருகிறானாம். வரட்டும். டீ கொடுத்து அனுப்புகிறேன், சாவி கொடுக்க மாட்டேன்.

உனக்குப் புத்திமதி சொல்லி முடிக்கவேண்டும் என்பது இந்த மாதிரிக் கடிதங்களுக்கு வழக்கம், சொல்கிறேன். உன் மனைவியின் போனில், ஹாண்ட்பேக்கில், ஸ்கூட்டரில், எதிலும் எதையும் சொருகாதே. நான் அம்மா, கடிதம் எழுதுவதோடு விட்டேன். அவள் எழுதிக்கொண்டிருக்க மாட்டாள். வீட்டில் ஏதாவது அடிக்கடி படுத்துப்போனால் ஆளை மாற்றப் பார்க்காதே, எது குடிக்கிறது என்று பார். அது நீ மாட்டியதாகவே இருக்கலாம். இன்னொன்று, உனக்குத் தெரியாது. உன் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். “நீங்களே சொல்லிக் குடுங்க அத்தை, அவரு வேணாம், உயிர எடுத்துருவாரு” என்றாள். சரி என்றேன். சனிக்கிழமைகளில் அவள் தாதர் போவதாகச் சொன்னாளே, தாதருக்குப் போகவில்லை. இது உன் மாமனாருக்கும் தெரியும், அவர்தான் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறார்.

பெட்டியைப் பிடுங்கிய பிறகு சோதனைக்காக ஒரு வாரம் முழுக்க வண்டியைத் தொடாமல் நிறுத்திவைத்தேன். எட்டாம் நாள் காலை உங்கப்பாவையும் செயலாளரையும் காசிம் பாயையும் சாட்சிக்கு நிறுத்தி, சாவியை ஒரே ஒரு திருகு. உறுமிக்கொண்டு கிளம்பியது. காசிம் பாய், “நான்தான் அன்னைக்கே சொன்னேனே” என்றார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. உங்கப்பா ஓடிவந்து இடப்பக்கம் ஏறி, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டார். நான் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அந்தப் பில்லருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கை மட்டும் நுழைகிற மாதிரி ரிவர்ஸில் நிறுத்திக் காட்டினேன். எனக்கு வயது ஐம்பத்தாறு. என் மூளையில் பூஞ்சை இல்லை, டெர்மினல் சுத்தமாக இருக்கிறது. இனி என் மறதியைப் பற்றி நீ வாயைத் திறந்தால் அடுத்த மலரில் உன் பள்ளிக்கூடக் கதைகள் எல்லாம் வரும்.

இப்படிக்கு,
வண்டியின் சொந்தக்காரி.

இதை மலர்க் குழுவிடம் நேரில் கொடுத்துவிடலாம் என்று இன்று காலை கீழே இறங்கினேன். இரண்டு நாளாக வண்டியை எடுக்கவில்லை. கிளம்பவில்லை. உள்ளே கூரை விளக்கு, முந்தாநாள் நானே போட்டு அணைக்காமல் விட்டது, சாகப்போகிற தீக்குச்சி போலச் சிவந்து எரிந்துகொண்டிருந்தது.